சாளரத்தின் மேல் ஒட்டிய தாள்

நேயர்களுக்கு வணக்கம். பெங்களூரின் பட்டறைகளில் உள்ள இயந்திரங்களின் கட்டுப்பாட்டுப் பலகைகளை நெடுங்காலமாகப் பழுதுபார்த்து வருபவன் நான். ஒளியால் அழித்து மீண்டும் எழுதக்கூடிய நினைவகச் சில்லைப் பற்றிப் பேசுமாறு நிலையத்தார் கேட்டிருக்கிறார்கள்.

ஈப்ராம் எனப்படும் இச்சில்லை அதன் முதுகிலுள்ள சிறு சாளரத்தைக் கொண்டே அடையாளம் காணலாம். சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும் என்பதால், அச்சாளரத்தைக் குவார்ட்ஸ் கொண்டு அமைத்தார்கள். உள்ளிருக்கும் சிலிக்கான் துண்டை அதன் வழியே வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம்.

இதை 1971-இல் உருவாக்கியவர் இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றிய டோவ் ஃப்ரோமன். அக்காலச் சில்லுகள் பழுதாவதற்கான காரணத்தை ஆராய்ந்தபோது, டிரான்சிஸ்டரில் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் ‘வாயில்’ (கேட்) என்னும் பகுதி, இணைப்பு அறுந்து தனித்து நிற்பது காரணமாக இருக்கலாம் என்று அவர் எண்ணினார்; அவ்வாறு தனித்து நிற்கும் வாயிலில் மின்னூட்டத்தை வேண்டுமென்றே அடைத்துவைத்தால் அதுவே நினைவாகிவிடும் என்ற எண்ணம் அங்கிருந்துதான் பிறந்தது. பழுதைத் தேடிப் போனவருக்குக் கிடைத்த இந்தப் பரிசை எண்ணி, பழுதுபார்ப்பவனான நான் இன்றும் மகிழ்கிறேன். 1702 என்னும் எண் கொண்ட முதல் சில்லில் 2,048 பிட்டுகள், அதாவது 256 பைட்டுகள் மட்டுமே அடங்கின.

எழுதும்போது வழக்கத்தை மிஞ்சிய மின்னழுத்தம் தரப்படுகிறது. 5 வோல்ட்டில் படிக்கப்படும் 2716 என்னும் சில்லுக்கு, எழுதுவதற்கு 25 வோல்ட் வேண்டும். அந்த விசையில் எலெக்ட்ரான்கள் மின்காப்புப் படலத்தைத் தாண்டி, நாற்புறமும் அடைபட்ட வாயிலில் சேர்ந்து அங்கேயே தங்கிவிடுகின்றன. ஒவ்வொரு பிட்டுக்கும் இத்தகைய ஓர் அறை உண்டு; எலெக்ட்ரான் நிரம்பிய அறை 0, வெற்றறை 1. ஏறத்தாழ 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிரைப் பதினைந்து இருபது நிமிடம் பாய்ச்சினால் எலெக்ட்ரான்கள் ஆற்றல் பெற்று வெளியேற, சில்லு முழுவதும் மீண்டும் 1 ஆகிறது. ஒரேயொரு பைட்டை மட்டும் அழிக்க வழியில்லை. அதனாலேயே, எழுதுவதற்கு முன் நிரலைத் தாளில் இருமுறை சரிபார்க்கும் வழக்கம் எங்களிடம் இருந்தது. பின்னர் மின்சாரத்தாலேயே அழிக்கும் ஈஈப்ராமும், தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா 1984-இல் அறிவித்த ஃபிளாஷ் நினைவகமும் வந்தன.

அழிக்கும் ஒளி விளக்கிலிருந்து மட்டும் வருவதில்லை. நேரடி வெயில் ஏறத்தாழ ஒரு வாரத்திலும், அறையின் குழல்விளக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகளிலும் சில்லை அழித்துவிடக்கூடும் எனத் தயாரிப்பாளரின் குறிப்பேடுகளே எச்சரித்தன. சாளரத்தின் மேல் ஒளிபுகாத் தாள் ஒட்டுவது அதற்காகத்தான். பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் நம் தமிழர் ஒருவரின் பட்டறையில், கடைசல் இயந்திரமொன்று திடீரெனத் தவறான அளவில் வெட்டத் தொடங்கியது. பெட்டியைத் திறந்து பார்த்தேன். தாளின் பசை காய்ந்து உதிர்ந்து கிடந்தது. பலகையோ கூரைக் கண்ணாடிக்கு நேர் கீழே, மூடியில்லாமல் பல காலம் இருந்திருக்கிறது. சில 0-க்கள் 1 ஆகியிருந்தன. அந்த நிரலுக்கு வேறு நகல் எங்கும் இல்லை என்று அவர் சொன்னபோது எனக்கு மனம் கனத்தது.

வலுவிழந்த அறையை மீட்க ஒரு வழி உண்டு. படிக்கும்போது மின்னழுத்தத்தை 5 வோல்ட்டிலிருந்து சற்றுக் குறைத்தால், மின்னூட்டம் குறைந்துபோன அறையும் 0 என்றே படிக்கப்பட வாய்ப்புண்டு. அவ்வாறே பலமுறை படித்து, ஒவ்வொரு முறையும் கிடைத்ததை ஒப்பிட்டு, அந்த நிரலை மீட்டோம்.

இத்தகைய பழைய இயந்திரம் வைத்திருப்போரை வேண்டிக் கேட்கிறேன்: இயந்திரம் நன்றாக ஓடும்போதே மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, சில்லின் காடி எந்தப் பக்கம் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு கழற்றுங்கள். பெங்களூரின் மின்னணுப் பொருள் சந்தையான எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும், சில்லைப் படிக்கவும் எழுதவும் உதவும் புரோகிராமர் கருவியால் மூன்று முறை படித்து, மூன்றும் ஒத்திருந்தால் இரண்டு இடங்களில் சேமியுங்கள். பிறகு சாளரத்தின் மேல் புதுத் தாள் ஒட்டிப் பொருத்துங்கள்.