டெய்லர் நிப் விட்டுக்கொடுத்த இடம்

வணக்கம் நண்பர்களே. ஒலிம்பிக்ஸ் சைக்கிள் பந்தயத்துக்கு ஒரு நாடு தன் ஆட்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். விதிகளை வரிசையாக வாசித்தால் எதுவும் மனதில் நிற்காது. அதனால் ஒரே ஒரு இடத்தின் கதையைச் சொல்கிறேன். 2024 பாரிஸ், பெண்களுக்கான ரோடு ரேஸ் (எல்லோரும் ஒன்றாகக் கிளம்பி, முதலில் கோட்டைத் தொடுபவர் ஜெயிக்கும் பந்தயம்), அமெரிக்க அணியின் இரண்டாவது இடம்.

முதலில் ஒரு கணக்கு. ஒலிம்பிக்ஸ் ரோடு ரேஸில் ஒரு நாட்டுக்கு அதிகபட்சம் 4 பேர்தான். உலகத் தரவரிசையில் மேலே இருக்கும் நாடுகளுக்குத்தான் அந்த நாலும். நெதர்லாந்து 4 பேருடன் வந்தது. அமெரிக்கப் பெண்களுக்குக் கிடைத்தது 2. அந்த இரண்டில் ஒன்று குளோயி டைகர்ட்டுக்கு. 2023இல் ஸ்காட்லாந்தில் டைம் ட்ரயல் உலக சாம்பியன் ஆனவர் என்பதால் அவருடைய இடம் முன்பே உறுதியாகிவிட்டது. டைம் ட்ரயல் என்றால் தெரியும்தானே, ஒவ்வொருவராகக் கிளம்பி, கடிகாரத்தோடு மோதும் பந்தயம். இன்னொன்றுக்குத்தான் போட்டி.

2024 மே மாதம், மேற்கு வர்ஜீனியாவில் சார்ல்ஸ்டன் நகரம். அமெரிக்க தேசிய சாம்பியன்ஷிப். டைம் ட்ரயலில் ஜெயிப்பவருக்கு, ரோடு ரேஸ் இடத்தையும் சேர்த்து, பாரிஸ் டிக்கெட் நேரடியாகக் கிடைக்கும். டைம் ட்ரயல் என்றால் தெரியும்தானே, ஒவ்வொருவராகக் கிளம்பி, கடிகாரத்தோடு மோதும் பந்தயம். அதில் ஜெயித்தது யார் தெரியுமா? முழுநேர சைக்கிள் வீராங்கனை இல்லை. டெய்லர் நிப், டிரையத்லான் ஆடுபவர். நீச்சல், சைக்கிள், ஓட்டம் என மூன்றும் செய்பவர் வந்து, சைக்கிளே வாழ்க்கையாக இருப்பவர்களைத் தாண்டிப் போய்விட்டார்.

அதே வாரம், அதே ஊரில் ரோடு ரேஸ் தேசிய சாம்பியன் ஆனவர் கிறிஸ்டன் ஃபாக்னர். அந்த வெற்றிக்கு நட்சத்திரமும் கோடுகளும் போட்ட சட்டை கிடைத்தது, பாரிஸ் ரோடு ரேஸில் இடம் கிடைக்கவில்லை. டிராக்கில், அதாவது சைக்கிளுக்கான வட்டத் தடத்தில், நாலு பேர் சேர்ந்து ஓட்டும் டீம் பர்சூட்டுக்கு மட்டும் அவர் பெயர் இருந்தது. ரோடு ரேஸ் சாம்பியன், ஆனால் ரோடு ரேஸில் இடமில்லை! எனக்கு இது அநியாயமாகத்தான் பட்டது. ஆனால் விதி எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்தது, நிப் டைம் ட்ரயலை முறையாக ஓட்டி ஜெயித்தார். அதையும் சொல்லியாக வேண்டும்.

ஃபாக்னர் பற்றிக் கொஞ்சம். அலாஸ்காவில் ஹோமர் என்ற ஊரில் பிறந்தவர். ஹார்வர்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தபடியே துடுப்புப் படகு ஓட்டியவர். அப்புறம் நியூயார்க்கில் முதலீட்டு நிறுவன வேலை. 2017இல் சென்ட்ரல் பார்க்கில், புதிதாகச் சைக்கிள் பழகும் பெண்களுக்கான வகுப்பில் சேர்கிறார். அங்கேதான் தொடக்கம். 2021இல் வேலையை விட்டுவிட்டு முழுநேர வீராங்கனை ஆனார். 2023இல் கலிஃபோர்னியாவில் பயிற்சியின்போது கார் மோதி, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. அங்கிருந்து திரும்பி வந்தவர் இவர்.

சரி, ஜூலை மாதத் தொடக்கம். நிப் காலண்டரைப் பார்க்கிறார். ஜூலை 27 டைம் ட்ரயல். 31 டிரையத்லான். ஆகஸ்ட் 4 ரோடு ரேஸ், 158 கிலோமீட்டர், ஏறக்குறைய நாலு மணி நேரம். மறுநாள் ஆகஸ்ட் 5, இரண்டு ஆண்களும் இரண்டு பெண்களும் மாறி மாறிச் செய்யும் டிரையத்லான் கலப்பு ரிலே. நாலு மணி நேரம் மிதித்த கால்களோடு மறுநாள் ரிலே ஓடினால், கூட ஓடும் மூன்று பேருக்கும் அது பாரம். ரோடு ரேஸ் எனக்கு வேண்டாம் என்று விலகினார். ஃபாக்னர் உள்ளே வந்தார். பந்தயத்துக்கு ஒரு மாதம்தான் இருந்தது.

ஒலிம்பிக்ஸ் இடம் கையில் இருக்கும்போது அதைத் திருப்பிக் கொடுக்கிற மனசு சும்மா வராது. பெயர் பட்டியலில் இருந்தால் போதும், நடுவில் நின்றுகொள்ளலாம் என்றும் யோசித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. இந்த வீடியோவை நான் எடுப்பதே அதற்காகத்தான்.

இப்போது பந்தயத்தின் கடைசிப் பகுதி. அந்தக் காட்சியை இங்கே போட எனக்கு உரிமை இல்லை, அதனால் இந்தப் பலகையில் வரைந்து காட்டுகிறேன். இது மோன்மார்த்ர் மேடு, பாரிஸ் நகருக்குள்ளேயே கல் பாவிய ஏற்றம். இது முடிவுக்கோடு, ஈஃபில் கோபுரத்துக்கு எதிரே ட்ரோகடேரோ. முன்னால் இரண்டு பேர் போகிறார்கள்: நெதர்லாந்தின் மரியானே வோஸ், ஹங்கேரியின் பிளாங்கா வாஸ். பின்னால் துரத்துவது ஃபாக்னரும் பெல்ஜியத்தின் லோட்டே கோப்பெக்கியும். ஏறக்குறைய 3 கிலோமீட்டர் இருக்கும்போது இவர்கள் அவர்களைப் பிடித்துவிடுகிறார்கள்.

பிடித்ததும் எல்லோரும் என்ன செய்வார்கள்? ஒரு மூச்சு வாங்குவார்கள். அவ்வளவு துரத்தியிருக்கிறார்கள் இல்லையா. ஃபாக்னர் மூச்சு வாங்கவில்லை. வந்த வேகத்திலேயே பக்கவாட்டில் தாண்டிப் போய்விட்டார்.

பின்னால் இருந்த மூன்று பேரும் ஒரு கணம் தயங்கினார்கள். ஏன் தயக்கம்? எதிர்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு உடனே புரியும். முன்னால் போகிறவர்தான் காற்றைக் கிழிக்கிறார், பின்னால் ஒட்டிப் போகிறவருக்குப் பாதி சுமை குறைந்த மாதிரி இருக்கும். கோப்பெக்கி துரத்தினால் வோஸ் சொகுசாகப் பின்னால் வந்து கடைசியில் ஜெயிப்பார். வோஸ் துரத்தினால் கோப்பெக்கி. கடைசி 200 மீட்டர் வேகத்தில் இருவரும் புலிகள். அதனால் நீ போ, நான் வருகிறேன் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அந்த வேகம் தன்னிடம் இல்லை என்பது ஃபாக்னருக்குத் தெரியும். தனியாகப் போவதுதான் அவருக்கு ஒரே வழி. இன்னொன்று, ஒலிம்பிக்ஸில் காதில் ரேடியோ கிடையாது. இப்போது போ என்று சொல்ல யாருமில்லை, முடிவு முழுக்க அவருடையது.

58 விநாடி வித்தியாசத்தில் தங்கம். 3 கிலோமீட்டரில் 58 விநாடி! வோஸ் வெள்ளி, கோப்பெக்கி வெண்கலம்.

அமெரிக்காவுக்கு ரோடு ரேஸ் தங்கம் இதற்கு முன் கிடைத்தது 1984 லாஸ் ஏஞ்சலிஸில். ஒரே நாளில் இரண்டு: பெண்களில் கோனி கார்ப்பெண்டர், ஆண்களில் அலெக்ஸி கிரெவால். கிரெவாலின் அப்பா பஞ்சாபி சீக்கியர் என்பது நம் ஊரில் பலருக்குத் தெரியாது. அதன் பிறகு 40 வருடம் ஒன்றுமில்லை. 2016 ரியோவில் மாரா அபட் தனியாக முன்னால் போய், கோடு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் மூன்று பேரிடம் பிடிபட்டு நாலாவதாக வந்தார். அந்தக் கடைசி நீளச் சாலையை இப்போது பார்த்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. பாரிஸில் ஃபாக்னர் திரும்பித் திரும்பிப் பார்த்தபோது எனக்கு அபட்தான் ஞாபகம் வந்தார்.

மூன்று நாள் கழித்து, ஆகஸ்ட் 7, டைகர்ட், ஜெனிஃபர் வெலன்டே, லில்லி வில்லியம்ஸ் ஆகியோருடன் டீம் பர்சூட்டிலும் ஃபாக்னருக்குத் தங்கம்.

நிப் என்ன ஆனார்? டைம் ட்ரயல் அன்று கொட்டும் மழை. ரோடு முழுக்க வழுக்கல். பலமுறை விழுந்து எழுந்து, 19ஆவதாக முடித்தார். எந்தத் தகுதியை வைத்து உள்ளே வந்தாரோ அதே பந்தயத்தில் அப்படி. டைகர்ட்டும் அன்று விழுந்தார். விழுந்தும் வெண்கலம் எடுத்தார், வெள்ளிக்கு ஒரு விநாடிகூட இடைவெளி இல்லை.

அப்புறம் ஆகஸ்ட் 5. ஃபாக்னர் ஜெயித்த மறுநாள். கலப்பு ரிலேயில் அமெரிக்காவின் கடைசி ஆள் நிப். கடைசி நீட்டலில் ஜெர்மனி, அமெரிக்கா, பிரிட்டன் மூன்றும் ஒன்றாக வருகின்றன. ஜெர்மனி முதலில் தொடுகிறது. இரண்டாவது யார் என்று கண்ணால் சொல்ல முடியவில்லை, போட்டோ ஃபினிஷ் பார்த்துத்தான் சொன்னார்கள். வெள்ளி அமெரிக்காவுக்கு. முந்தைய நாள் 158 கிலோமீட்டர் மிதிக்காத கால்கள் அவை.