பேனா முனையில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள்

(கோட்டோவியக் கண்காட்சித் திறப்பு விழாவில் ஆற்றிய உரை)

மதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, குத்துவிளக்கு ஏற்றிவைத்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, வாடகை வாங்காமல் இந்தக் கூடத்தைக் கொடுத்த அரங்க உரிமையாளர் அவர்களே, நான் சொல்ல வைத்திருந்ததில் பாதியை எனக்கு முன்னால் பேசித் தீர்த்துவிட்ட பேராசிரியர் அவர்களே, முன்வரிசைத் தாய்மார்களே, பின்வரிசையில் ஏற்கெனவே நெளியத் தொடங்கிவிட்ட பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்தினீர்கள், நன்றி. அடுத்த முறை அந்தப் பணத்துக்கு ஒரு புட்டி இந்தியன் இங்க் வாங்கி ஒரு பிள்ளை கையில் கொடுங்கள். எனக்கு அதுவே மரியாதை.

இன்று மூன்று விஷயம் பேசப்போகிறேன். கார், கை, காகிதம். அப்புறம், சுவர் இருந்தால்தான் சித்திரம். சிரிக்கிறீர்கள். எந்த மேடை ஏறினாலும் இவர் இதைச் சொல்லாமல் இறங்க மாட்டார் என்று உங்களுக்குத் தெரியும்.

முதலில் கார். வலப்பக்கம் மாட்டியிருக்கும் எம்.ஜி. கம்பெனியின் டி.சி. கார் படத்தைப் பாருங்கள். 1945 முதல் 1949 வரை இங்கிலாந்தின் அபிங்டன் ஊரில் செய்த வண்டி. ஏறத்தாழ 10,000தான் செய்தார்கள். பத்தொன்பது அங்குலக் கம்பிச் சக்கரம், வளைந்து இறங்கும் மட்கார்டு, வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் ஹெட்லைட். பேனாக்காரனுக்கு இதைவிட நல்ல விருந்து கிடையாது. இன்றைய கார் வழவழவென்று இருக்கிறது, கோடு போட இடமே இல்லை. பழைய வண்டியில் ஒவ்வொரு பாகமும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும். பானெட்டின் பக்கவாட்டில் காற்றுப் போக வரிசையாகப் பிளவுகள், பந்தய வண்டியென்றால் அதன் மேல் ஒரு தோல் வார்.

வரைகிறவர்களிடம் கேட்டால் கஷ்டம் சக்கரத்தில்தான் என்பார்கள். சாய்ந்து பார்க்கும்போது வட்டம் நீள்வட்டமாகிவிடும். அதன் சின்ன அச்சு வண்டியின் ஆக்சில் போகும் திசையிலேயே விழ வேண்டும். விழாவிட்டால் கார் ஆக்சில் முறிந்ததுபோல் நிற்கும். குரோமியத்தை எப்படிக் காட்டுவது? வெள்ளைக் காகிதத்தை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்திலேயே ஒட்டினாற்போல் கன்னங்கரேலென்று மை. நடுவில் சாம்பல் நிறமே கூடாது. பளபளப்பு தானே வந்துவிடும்.

போட்டோ இருந்த காலத்தில் ஏன் மையால் வரைந்தார்கள்? அச்சுத்தான் காரணம். போட்டோவை அச்சிட அதைப் புள்ளி புள்ளியாக உடைக்க வேண்டும். மட்டமான தாளில் அது கலங்கிப்போகும். மைக்கோட்டுக்குத் துத்தநாகத்தில் அச்சுப் பிளாக் செய்தால் போதும், எந்தத் தாளிலும் கத்திபோல் விழும். அதோடு, இரும்பைத் துளைத்து உள்ளே பார்க்கக் காமிராவால் முடியாது. 'தி ஆட்டோகார்' பத்திரிகையில் மேக்ஸ் மில்லர் என்பவர் வண்டியின் மேல்தகட்டைக் கோட்டாலேயே உரித்துவிடுவார். எஞ்சின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் எல்லாம் அதனதன் இடத்தில் தெரியும். போட்டிப் பத்திரிகையான 'தி மோட்டா'ரில் கிரெஸ்வெல் அதே வேலையைச் செய்தார். என் கணக்கில் இவர்கள் பாதி ஓவியர், பாதி மெக்கானிக்.

அதே 'ஆட்டோகா'ரில் கோர்டன் கிராஸ்பி என்று ஒருவர். கரியும் வண்ணமுமாக வரைந்ததில்தான் அவருக்குப் பேர். ஆனாலும் அவரைப் பற்றிச் சொல்லாமல் போக மாட்டேன். பழைய ஜாகுவார் கார் மூக்கில் பாய்கிற சிறுத்தை இருக்கிறதே, அது அவர் வடித்தது. அவர் வரைந்த ஒரு விபத்தின் கதையைக் கேளுங்கள்.

1927, ஜூன் மாதம். பிரான்சில் லெ மான் 24 மணி நேரப் பந்தயம். பென்ட்லி கம்பெனி மூன்று கார்களை இறக்கியது. பொழுது சாய்கிற நேரம். 'வெள்ளை வீடு' என்று பேர்பெற்ற வளைவில் ஒரு பிரெஞ்சுக் கார் வழுக்கி ரோட்டை மறித்துக்கொண்டது. பின்னால் வந்த முதல் பென்ட்லி பள்ளத்தில் பாய்ந்தது. இரண்டாவது பென்ட்லி அதன்மேல் மோதியது. மூன்றாவதை ஓட்டி வந்தவர் சாமி டேவிஸ். நம்ம ஊர்ச் சாமி இல்லை, வெள்ளைக்காரச் சாமி! அதே 'ஆட்டோகா'ரின் விளையாட்டு ஆசிரியர். ரோட்டில் மண்ணும் மரச்சிராய்களும் சிதறிக் கிடப்பதைப் பார்த்ததும் ஏதோ நடந்திருக்கிறது என்று வேகத்தைக் குறைத்தார். அப்படியும் தப்பவில்லை. வண்டி பக்கவாட்டில் சறுக்கிப் போய் அந்தக் குவியலில் இடித்தது. ஒரு ஹெட்லைட் காலி, மட்கார்டு நசுங்கல், முன் ஆக்சில் வளைசல். நாமாக இருந்தால் என்ன செய்வோம்? அங்கேயே உட்கார்ந்து இன்ஷூரன்ஸ்காரரைக் கூப்பிடுவோம். அந்த மனுஷன் வண்டியைப் பின்னால் எடுத்தார், தட்டித் தடவிக் கட்டினார், இராத்திரியெல்லாம் ஓட்டினார். கூட்டாளி டாக்டர் பெஞ்சஃபீல்டும் மாறி மாறி ஓட்டினார். முன்னால் போய்க்கொண்டிருந்த ஆரியெஸ் கார் முடிவு நெருங்கும்போது படுத்துவிட்டது. நொண்டி பென்ட்லி ஜெயித்தது! (கைதட்டல்)

இருங்கள், இன்னும் முடியவில்லை. லண்டனில் சவாய் ஓட்டலில் ஜெயித்தவர்களுக்கு விருந்து. பத்திரிகை முதலாளி எழுந்து, வரவேண்டிய ஒரு பெண்மணி இன்னும் வரவில்லையே என்றார். கதவு திறந்தது. நசுங்கிய அதே கோலத்தில் அந்தக் காரைச் சாப்பாட்டுக் கூடத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார்கள்! நம் கல்யாண மண்டபங்களில் செய்து பாருங்கள், மேனேஜர் முதலில் டெபாசிட்டைப் பிடித்துக்கொள்வார்.

அந்த இருட்டில் அன்றைய காமிராவுக்கு வேலையில்லை. கிராஸ்பியின் கைதான் அந்த மோதலைக் காட்டுகிறது. இங்கேதான் என் பழமொழி தலைகீழாகிறது. எம்.ஜி. கார் செய்த அந்த அபிங்டன் தொழிற்சாலையை 1980இல் மூடிவிட்டார்கள். சுவர் போய்விட்டது, சித்திரம் இதோ தொங்குகிறது. ஆனால் அந்தச் சித்திரம் வரைந்த கை? அதற்கும் ஒரு சுவர் வேண்டும் அல்லவா? இரண்டாவது விஷயத்துக்கு வந்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்து ஓவியப் பாடவேளைதான் அந்தச் சுவர். அது எங்கே இருக்கிறது? கால அட்டவணையில் இருக்கிறது. வகுப்பில் கணக்கு நடக்கிறது. நான் கணக்குக்கு எதிரியில்லை. நீள்வட்டம் கணக்குத்தான், மில்லரின் வெட்டுப்படம் முழுக்க அளவுதான். ஒரு கியர்பாக்ஸைப் பார்த்து வரைந்த பையனுக்கு அது எப்படிச் சுற்றுகிறது என்று தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. தொழிற்கல்விக்கு இவ்வளவு பேசுகிறோமே, அதற்கு ஒரு நிப்பும் ஒரு தாளும் போதும். பர்மிங்காமில் கில்லட் கம்பெனி அந்த நிப்புகளைச் செய்து உலகத்துக்கே விற்றது. ஜாகுவார் பிறந்த கவன்ட்ரி அங்கிருந்து கூப்பிடு தூரம். கோடு போடத் தெரிந்த கைகளும் எஃகை அடித்து வளைக்கும் கைகளும் ஒரே வட்டாரத்தில் வளர்ந்தன என்றால், அதைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தலைமையாசிரியர் ஐயா தலையசைக்கிறார். அவர் பதவியில் இருந்தபோது அசைத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். கோபித்துக்கொள்ளாதீர்கள் ஐயா, உரிமையில் சொல்கிறேன்.

தலைவர் மணியடித்துவிட்டார். காகிதத்தைப் பற்றிப் பேசவே இல்லை. அதற்கு இன்னொரு கூட்டம் போடுங்கள், பேராசிரியருக்கு முன்னால் என்னைப் பேசவிடுங்கள். வாசல் மேசையில் ஒரு மனு இருக்கிறது. வாரத்தில் இரண்டு ஓவியப் பாடவேளை, அதை வேறு எந்தப் பாடத்துக்கும் எடுக்கக் கூடாது, அவ்வளவுதான் கோரிக்கை. பெற்றோர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேநீருக்குப் போங்கள். பக்கத்து மேசையில் தொட்டெழுதும் பேனாவும் மையும் வைத்திருக்கிறோம். பிள்ளைகள் அந்த எம்.ஜி. சக்கரத்தை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும். சட்டையில் மை பட்டால் அம்மாக்கள் என்னைத் திட்டலாம். நன்றி, வணக்கம்.