நான்காவது விசை நின்றுபோனால்

தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, வகுப்பு முடிந்த களைப்போடு வந்து அமர்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, வணக்கம்.

நம் வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. நீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில், மரமில்லாத மலை என்று அடுக்கிச் சொல்வார்கள். அவற்றுள் ஒன்று 1981-இல் பொய்யாகிவிட்டது. அந்த ஆண்டில்தான் சலகண்டேசுவரர் கோட்டைக்குள் திரும்பி வந்து அமர்ந்தார். மற்றவை, பாலாற்றில் வெள்ளம் வரும் அபூர்வமான நாட்களை விட்டுவிட்டால், இன்றும் ஏறக்குறைய மெய்தான். இல்லாமையோடு இவ்வளவு பழகிய ஊரில், இயற்கையின் அடிப்படை விசைகளில் ஒன்று இல்லாமற்போனால் என்ன ஆகும் என்று பேச அழைத்தது எனக்குப் பொருத்தமாகவே பட்டது.

இயற்பியல் இன்று சொல்லும் அடிப்படை விசைகள் நான்கு: ஈர்ப்பு விசை, மின்காந்த விசை, வலிமை மிகுந்த அணுக்கரு விசை, வலிமை குறைந்த அணுக்கரு விசை. முதல் மூன்றில் எது நின்றாலும், நின்றதைப் பற்றிப் பேச ஒருவரும் மிஞ்சமாட்டோம். மின்காந்த விசை போனால் எலக்ட்ரான்களை அணுக்கருவோடு கட்டிவைக்க ஒன்றுமில்லை. கோட்டையின் கருங்கல்லும் அதைத் தொடும் கையும் ஒரே கணத்தில் உருவிழக்கும். வலிமை மிகுந்த விசை போனால், ஒன்றையொன்று வெறுத்துக்கொண்டே ஒரே கருவுக்குள் அடைபட்டிருக்கும் புரோட்டான்கள் தெறித்து ஓடும். ஈர்ப்பு போனால் எல்லோரும் சுகமாக மிதப்போம் என்று சினிமா பார்த்தவர்கள் நினைப்பார்கள். மிதப்பது உண்மைதான், ஆனால் பூமியின் மையத்தில் இருக்கும் அழுத்தம், நாம் வாழும் இந்தக் காற்றின் அழுத்தத்தைப் போல் முப்பது இலட்சம் மடங்குக்கும் மேல். அதை அழுத்திப் பிடித்திருப்பது ஈர்ப்பு என்பதால், பிடி விட்டதும் பூமியே வெடித்து விரியும். இந்த மூன்றையும் இத்தோடு விட்டுவிடுகிறேன். அழிவைத் தவிர அவற்றில் சொல்ல அதிகமில்லை.

நான்காவது அப்படியல்ல. அதை மெல்விசை என்று சுருக்கிச் சொல்கிறேன். தள்ளுவதும் இழுப்பதும் அதன் பெருந்தொழில் அல்ல, உருமாற்றுவதே தொழில். நியூட்ரானைப் புரோட்டானாக்குவதும் புரோட்டானை நியூட்ரானாக்குவதும் அதனால் மட்டுமே முடியும். பீட்டாக் கதிரியக்கம் என்று பாடத்தில் படிப்பது அதன் கைவேலை. அது எட்டும் தூரம் ஒரு புரோட்டானின் அகலத்தில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான். அந்த விசையைச் சுமந்து செல்லும் துகள்களுள் ஒன்று புரோட்டானைப் போல் 86 மடங்கு கனமானது. அவ்வளவு கனத்தைத் தூக்கிக்கொண்டு தொலைவு போக முடியாது. அத்துகள்கள் 1983-இல் ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் பிடிபட்டன. ஆனால் இந்த விசை எந்த வடிவத்தில் செயல்படுகிறது என்பதை 1957-லேயே எழுதியவர், தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்த ஜார்ஜ் சுதர்சன். தம் வழிகாட்டி ராபர்ட் மார்ஷாக்குடன் சேர்ந்து எழுதினார். அதற்கு நோபல் பரிசு வராமற்போனது பெரிய குறை என்பது என் கருத்து.

சரி, இன்று மாலை ஆறு மணிக்கு மெல்விசை எங்கும் ஒரே சமயத்தில் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வேலூரை வெயிலூர் என்று சொல்லிப் பழகிய உங்களுக்கு முதலில் தோன்றும் கேள்வி எனக்குத் தெரியும்: சூரியன் அணையுமா, வெயில் குறையுமா?

சூரியனின் நடுவில் இரண்டு புரோட்டான்கள் இணையும்போது, அவற்றுள் ஒன்று அந்தக் கணத்திலேயே நியூட்ரானாக மாறினால்தான் இணைப்பு நிலைக்கும். அந்த மாற்றத்தைச் செய்வது மெல்விசை. அது மிகவும் தயங்கும் விசையாதலால், ஒரு புரோட்டானுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கச் சராசரியாகப் பல நூறு கோடி ஆண்டுகள் ஆகின்றன. சூரியன் ஒரேயடியாக எரிந்து தீராமல் நிதானமாக எரிவதற்கு இந்தத் தயக்கமே காரணம். ஆகவே ஆறு மணிக்கு அந்த முதற்படி நிற்கிறது. அந்த இணைப்பால் ஏற்கெனவே உருவான டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜன் சில நொடிகளில் எரிந்து தீரும். அதிலிருந்து உருவாகிச் சேர்ந்திருக்கும் ஹீலியம்-3 இன்னும் நெடுங்காலம் கொஞ்சம் கொஞ்சமாக எரியும். அதன்பின் அடுப்பில் புது விறகில்லை. ஆனாலும் மறுநாள் காலை கோட்டை அகழியின் மேல் வழக்கமான வெயில்தான் விழும். மையத்தில் பிறந்த ஆற்றல் மேற்பரப்புக்கு வந்து சேரவே பல்லாயிரம் ஆண்டுகள் பிடிக்கும். அதற்குப் பிறகும் சூரியன் அணையாது. தன் எடையாலேயே மெல்லச் சுருங்கிச் சூடேறி ஒளிரும். சூரியன் சுருங்குவதால்தான் ஒளிர்கிறது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் இயற்பியலாளர் கெல்வின் வாதிட்டார். அந்த வழியில் சில கோடி ஆண்டுகளுக்குத்தான் ஒளி தாங்கும் என்றும் கணக்கிட்டார். நம் சூரியனைப் பொறுத்தவரை அது தவறாகப் போயிற்று. மெல்விசை இல்லாத சூரியனுக்கு அவர் கணக்கே பொருந்தும். ஆகவே வெயில் குறையும் என்ற நம்பிக்கையோடு வந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

வானத்தைப் பார்த்து ஒன்றும் தெரியாதென்றால் பூமிக்கடியில் பார்க்கலாம். இங்கிருந்து வெகு தொலைவில் இல்லாத கோலார் தங்க வயலுக்கு, வட ஆற்காட்டுக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கூலிவேலைக்குப் போயின. இந்த அவையிலும் சிலருடைய தாத்தா அந்தச் சுரங்கத்தில் இறங்கியிருப்பார். அதே சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, 1965-இல், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பானிய, பிரிட்டிஷ் அறிஞர்களும் சேர்ந்து, வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்களின் தடத்தைக் கண்டார்கள். எதிலும் ஏறக்குறைய மோதாமல் ஊடுருவிப் போகும் மின்னூட்டமற்ற நுண்துகளான நியூட்ரினோ, மெல்விசையின் குழந்தை. சூரியனிலிருந்து வருபவை மட்டும், உங்கள் கட்டைவிரல் நகத்தின் அளவுள்ள இடத்தில், நொடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி பாய்கின்றன. மெல்விசை நின்றால் சூரியனில் அவை பிறப்பதும் நிற்கும். அந்தச் செய்தி நம்மை அடைய எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும் என்றுதான் நானும் முதலில் குறித்து வைத்தேன். பிறகுதான் உறைத்தது: வழியில் இருக்கும் நியூட்ரினோக்கள் வந்து சேர்ந்தாலும், அவை ஓர் அணுவில் மோதி அடையாளம் காட்டுவதும் மெல்விசையால்தான். ஆகவே ஜப்பானில் 50,000 டன் நீரோடு மலைக்கடியில் காத்திருக்கும் கருவி எட்டு நிமிடம் பொறுக்காது. அந்தக் கணமே மௌனமாகிவிடும்.

கல்பாக்கத்தில் இன்னும் விரைவாகத் தெரியும். அணு உலையில் யுரேனியம் பிளக்கும்போது வரும் நியூட்ரான்களில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவை பீட்டாச் சிதைவுக்குப் பிறகு தாமதமாக வருபவை. அந்தச் சொற்பத்தை நம்பித்தான் உலையை நிதானமாக இயக்குகிறார்கள். அவை நின்றால் தொடர்வினை தன்னைத் தாங்கிக்கொள்ள முடியாமல் அடங்கிவிடும். நமக்கு மின்வெட்டு புதிதல்ல என்பதால் இதை யாரும் பிரபஞ்சச் செய்தியாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

நம் உடலுக்கும் ஒன்றும் தெரியாது. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் முதல் வாழைப்பழம் வரை எதிலும் பொட்டாசியம் உண்டு. அதில் பத்தாயிரத்தில் ஏறத்தாழ ஓர் அணு கதிரியக்கமுள்ள பொட்டாசியம்-40. எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் உடலில் அந்த அணுக்கள் நொடிக்கு நாலாயிரத்துக்கு மேல் சிதைகின்றன. ஆறு மணிக்கு அந்தச் சிதைவு நின்றுபோகும். ஆறு மணி ஒரு நிமிடத்துக்கு அவர் டீ குடித்துக்கொண்டிருப்பார்.

ஆனால் இந்த ஊரில் ஓர் இடத்தில் அது கட்டாயம் தெரிந்துவிடும். மருத்துவமனை இருக்கும் ஐடா ஸ்கடர் சாலையில் வங்காள எழுத்தில் பெயர்ப்பலகை வைத்த விடுதிகளைப் பார்த்திருப்பீர்கள். புற்றுநோய் முதலிய நோய்களுக்குச் சிகிச்சை தேடி நெடுந்தொலைவிலிருந்து வருகிறவர்கள் தங்குமிடங்கள் அவை. புற்றுநோய் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று காண எடுக்கும் பெட் ஸ்கேனில், சர்க்கரையோடு ஃபுளோரின்-18 சேர்த்து ஊசி போடுகிறார்கள். 110 நிமிடத்தில் அதில் பாதி, பாசிட்ரான் என்ற நேர்மின் எலக்ட்ரானை வெளியிட்டு ஆக்சிஜனாக மாறும்; அந்தப் பாசிட்ரானால் பிறக்கும் கதிரைக் கொண்டுதான் திரையில் படம் உருவாகும். ஃபுளோரினை அப்படி மாற்றுவது மெல்விசை. தைராய்டுக்குக் கொடுக்கும் அயோடின்-131-இன் வேலையும் அதனால்தான் நடக்கிறது. கதிர்ச்சிகிச்சை தரும் கோபால்ட் கருவியில் கோபால்ட்-60 நிக்கலாக மாறினால்தான் காமாக் கதிர் பிறக்கும். மின்சாரத்தால் எலக்ட்ரானை முடுக்கிக் கதிர் உண்டாக்கும் லினாக் கருவிக்கு மட்டும் ஒரு குறையும் வராது.

ஆகவே ஆறு மணிக்கு, ஐந்து மணிக்கே ஊசி போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் அசையாமல் படுத்திருந்த ஒருவரை ஸ்கேன் கருவிக்குள் அனுப்புவார்கள். திரையில் இருதயமும் தெரியாது, மூளையும் தெரியாது, நோயும் தெரியாது. அங்கே பணியாற்றும் இளைஞர் கருவி பழுதென்று நினைத்து அணைத்துப் போடுவார். பிறகு, அடுத்தவருக்காக வைத்திருக்கும் மருந்தை ஈயப் பெட்டியிலிருந்து எடுத்து, அளவு பார்க்கும் கருவிக்குள் வைப்பார். அதுவும் சுழியத்தையே காட்டும்.