சித்தரத்தை உடைந்த கதை

வணக்கம். குரல் இன்னும் கரகரவென்றுதான் இருக்கிறது. போன வீடியோவில் நான் எத்தனை முறை இருமினேன் என்று ஒருவர் எண்ணி எழுதியிருந்தார். இருபத்து மூன்று முறையாம். நன்றாக இருக்கட்டும் அவர்.

இந்த இருமலுக்காகத்தான் மதுரை கீழமாசி வீதிக்குப் போய் அதிமதுரமும் சித்தரத்தையும் வாங்கிவந்தேன். நாட்டு மருந்துக் கடைக்காரர் எடுத்த எடுப்பிலேயே பொடி பாக்கெட்டை நீட்டினார். பொடி என்றாலே எனக்கு ஆகாது, உங்களுக்குத் தெரியும். குன்றிமணி வேரை அதிமதுரம் என்று தள்ளிவிடுவதும் உண்டு. இடித்துச் சலித்துவிட்டால் எது எந்த வேர்? முழு வேராகக் கொடுங்கள் என்றேன். 50 கிராம் 45 ரூபாய் என்றார். நான் 40 என்றேன். கால் மணி நேரம் நின்றேன். அவர் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. கடைசியில் ஒரு துண்டு சுக்கை இனாமாகப் போட்டார். இதோ, கட்டைவிரல் அளவு. வென்றது நான்தான்.

அதிமதுரத்தைப் பாருங்கள். ஒடித்தால் உள்ளே மஞ்சள், நார்நாராகப் பிரிகிறது. மென்றால் முதலில் வெறும் மரக்குச்சி. பத்து எண்ணுவதற்குள் இனிப்பு ஏறுகிறது, ஏறியது இறங்குவதில்லை. பிறகு குடித்த தண்ணீரும் இனித்தது. இதிலுள்ள கிளிசரைசின் என்ற இனிப்புப் பொருள் சர்க்கரையைவிடச் சுமார் ஐம்பது மடங்கு இனிப்பு.

சித்தரத்தை அப்படி இணங்கிப் போகாது. செம்பழுப்பு நிறம், உடம்பெல்லாம் வளைய வரி, கல் மாதிரி கெட்டி. மிக்ஸியில் போட்டேன். கேழ்வரகு வீடியோவில் புகைவிட்டதே, அதே மிக்ஸி. இரண்டு சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. பிறகு இடிகல். எட்டாவது அடியில் ஒரு துண்டு தெறித்து அடுப்புக்குப் பின்னால் போனது. கீழ்வீட்டு அக்கா மேலே வந்து, "என்ன தம்பி, சுவரை இடிக்கிறாயா?" என்றார்.

சொல்ல மறந்துவிட்டேன்: அதிமதுரத்தின் மேல்தோலைச் சுரண்டிவிட்டுத்தான் இரண்டையும் போட்டேன். இரண்டு தம்ளர் தண்ணீர் ஒன்றாகச் சுண்டும்வரை கொதிக்கவிட்டேன். இன்னொன்று, இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்: இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு அதிமதுரம் வேண்டாம். அது அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். அதனால்தான் அப்பா கேட்டும் கொடுக்கவில்லை. முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

மூன்று இரவு குடித்தேன். அதிமதுரம் தொண்டை அரிப்பை அடக்கியது. படுத்ததும் வரும் இருமல் குறைந்தது. ஆனால் நெஞ்சில் கட்டிய சளியை அசைத்தது, வாயில் அடக்கிக்கொண்ட சித்தரத்தைத் துண்டின் காரம்தான் என்று தோன்றுகிறது. பத்து நாள் இருமல், தானாகவே போகிற நேரமாகவும் இருக்கலாம். இரண்டு வாரம் தாண்டினால் வேரை வைத்துவிட்டு மருத்துவரிடம் போவேன்.

அக்காவுக்கும் இருமலாம். பாதி அதிமதுரத்தைக் கொடுத்தனுப்பினேன். சுக்கையும் கேட்டார். கொடுக்கவில்லை.