சோப்பைச் சேமித்து வைத்த செல் ஏன் கரைவதில்லை?

ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "சர்ஃபாக்டன்ட் நுரையீரலுக்குச் சோப்பு மாதிரி என்றீர்களே, அதைச் சேமித்து வைத்திருக்கும் செல்லே கரைந்துவிடாதா?" இரண்டு நாளாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை. வெங்காயம் உரிக்கும்போதும் இதே நினைப்புதான். வெங்காயத்துக்குக் காரணம் இருக்கிறது, வருகிறேன்.

முதலில், தப்பு என்னுடையது. சோப்பு என்று சொன்னது நான்தான். நுரையீரலின் காற்றுப்பைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் பூச்சுதான் சர்ஃபாக்டன்ட். பரப்பு இழுவிசையைக் குறைப்பதில் மட்டும்தான் சோப்போடு அதற்கு ஒற்றுமை. சர்ஃபாக்டன்டில் சுமார் 90 சதவீதம் கொழுப்பு, அதிலும் பெரும்பகுதி பாஸ்போலிப்பிட். செல்லின் சவ்வும் அதே சரக்கால் ஆனதுதான். அதனால் சோப்பு போலச் சவ்வைக் கரைத்துவிடாது.

இருந்தாலும் அதைச் செய்து சேமிக்கிற செல், காற்றுப்பைச் சுவரில் இருக்கும் இரண்டாம் வகை செல், அதை உள்ளே சும்மா மிதக்க விடுவதில்லை. ஏபிசிஏ3 என்ற புரதம் கொழுப்பைப் பம்பு போலச் சின்னப் பைகளுக்குள் தள்ளுகிறது. லமெல்லார் உறுப்பு என்று அந்தப் பைக்குப் பெயர். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் வெங்காயத்தைக் குறுக்கே வெட்டிய மாதிரி, அடுக்கு அடுக்காக இருக்கும். அந்தப் பம்புக்கான மரபணு பழுதானால், நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகூட மூச்சுக்குத் திணறும்.

பெருமூச்சு விடும்போது செல் இழுபடுகிறது அல்லவா, அப்போது பைகள் திறந்து சரக்கு வெளியே வருகிறது. அப்புறம், நான் எப்போதும் சொல்வதுதான்: இந்த செல் கஞ்சன். வேலை முடிந்த சர்ஃபாக்டன்டில் பெரும்பங்கைத் திரும்ப உள்ளே இழுத்து மறுபடி அடுக்கிவிடும். பழைய நகையை உருக்கிப் புது நகை செய்கிற மாதிரி.

சரி, என்னைக் கேட்டால், எங்கே சேமிக்கிறது என்பதைவிட எப்போது சேமிக்க ஆரம்பிக்கிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. கருவில் சுமார் 24 வாரத்தில் இந்த அடுக்குகள் தென்படத் தொடங்கும். போதுமான இருப்பு சேர ஏறக்குறைய 35 வாரம் ஆகிவிடும். 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பாட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, மூச்சுக்குத் திணறினான். காரணம் தெரியாத காலமில்லை அது. குறைமாதக் குழந்தைகளின் மூச்சுத்திணறலுக்குச் சர்ஃபாக்டன்ட் குறைவுதான் காரணம் என்று ஆராய்ச்சியாளர்கள் மேரி எலன் ஏவரியும் ஜெரி மீடும் 1959-லேயே காட்டிவிட்டார்கள். கையில் மருந்துதான் இல்லை. அழுத்தம் கூட்டிய ஆக்சிஜன் அறையில் வைத்துப் பார்த்தார்கள். 39 மணி நேரம்தான் இருந்தான்.

அந்த மருந்துக்கு இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது: ஜப்பானில் மருத்துவர் ஃபுஜிவாரா மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்டை 10 குறைமாதக் குழந்தைகளின் மூச்சுக்குழாயில் செலுத்தி, பலன் கிடைத்ததென்று எழுதியது 1980-ல்.