கொடுமுடி கோகிலம் கேட்ட சம்பளம்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு கொடுமுடி கோகிலம் என்று பெயர் வாங்கிய பாடகி, நடிகை கே.பி.சுந்தராம்பாள். பெயரைச் சொன்னதுமே உங்கள் கண் முன்னால் யார் வந்து நிற்பார் என்று எனக்குத் தெரியும். வெள்ளைப் புடவை, நெற்றி நிறைய விபூதி, கோபித்துக்கொண்டு மலையேறிய முருகனைப் பாடியே சமாதானப்படுத்தும் ஔவைப்பாட்டி. அது முடிந்ததும் அடுத்து வருவது அவருடைய கணவர், நாடக நடிகர் கிட்டப்பா. காதல், கல்யாணம், அவருடைய அகால மரணம், அதன்பின் இவருடைய வெள்ளைச் சேலை. இவரைப் பற்றிப் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டு படத்தையும் மாட்டிவிட்டு, ஒரு பெருமூச்சு விட்டு முடித்துக்கொள்வார்கள்.

நான் இன்று அவருடைய தொழிலைப் பற்றிப் பேசப்போகிறேன். எங்கே கற்றார், என்ன சம்பளம் கேட்டார், எந்த வேடத்துக்குச் சரி என்றார், எதற்கு முடியாது என்றார். இந்த வரிசையில் பார்த்தால் கண்ணுக்குத் தெரிவது ஒரு சோகக் கதாநாயகி அல்ல, படு கெட்டிக்காரத் தொழில்காரி.

பிறந்தது 1908இல், காவிரிக்கரைக் கொடுமுடியில். கே.பி. என்றால் கொடுமுடி பாலாம்பாள். பாலாம்பாள் அவருடைய அம்மா. அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். வறுமை என்றால் சாதாரண வறுமை இல்லை, ரயிலில் பாடிக் காசு வாங்கும் வறுமை. ரயில் பெட்டியில் பாடுவது எப்படிப்பட்ட பயிற்சி என்று யோசித்துப் பாருங்கள். தண்டவாளச் சத்தத்துக்கு மேலே குரல் கேட்க வேண்டும். கேட்கிறவர் அடுத்த ஸ்டேஷனில் இறங்குவதற்குள் அவர் மனம் இளக வேண்டும். அந்தப் பாட்டைக் கேட்டவர்கள் மூலமாகத்தான் நாடக உலகின் கதவு திறந்தது. வேலு நாயர் கம்பெனியில் குழந்தை வேடம் கிடைத்தது. நல்லதங்காள் நாடகத்தில் பசியில் அழும் பிள்ளை. அந்தப் பாத்திரத்துக்கு அவருக்கு யாரும் நடிப்புச் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

அந்தக் காலத்து நாடகத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். அது புரியாமல் இவருடைய சினிமா புரியாது.

ஸ்பெஷல் நாடகம் என்று ஒன்று உண்டு. இன்றும் மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் திருவிழாக்களில் நடக்கிறது. இதற்குக் கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. காண்டிராக்டர் ஒருவர் ராஜபார்ட்டை, அதாவது கதாநாயகனை, ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட்டை, அதாவது கதாநாயகியை, வேறோர் ஊரிலிருந்தும், ஆர்மோனியக்காரரை இன்னோர் இடத்திலிருந்தும் அழைத்துவருவார். பல நேரம் அவர்கள் ஒருவரையொருவர் முதன்முதலாகப் பார்ப்பதே மேடையில்தான். வள்ளி திருமணம் என்றால் கதை எல்லோருக்கும் தெரியும், நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டும் தெரியும். மீதியை அந்த நேரத்தில் சமாளித்துக்கொள்ள வேண்டும். தினைப்புனத்தில் பரண்மேல் வள்ளி நிற்பாள். நாரதர் வந்து வாய் கொடுப்பார். அதற்குத் தர்க்கம் என்று பெயர். எதிராளி என்ன கேட்பார், எந்த ராகத்தில் இழுப்பார் என்று முன்கூட்டித் தெரியாது. பதில் சொல்லத் தடுமாறினால் ஜனம் சிரித்துவிடும். சுருதியில் பின்வாங்கினால் மானம் போய்விடும். இது இரவு பத்து மணி வாக்கில் தொடங்கி விடியும் வரைக்கும் நடக்கும். மைக் கிடையாது. கொட்டகையின் கடைசியில் மண்தரையில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒவ்வோர் எழுத்தும் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கிருந்தே கத்திவிடுவார்.

இந்தப் பட்டறையில் அடித்து எடுத்த குரல் அது.

அப்போது தமிழ் நாடகக்காரர்களுக்கு இலங்கை ஒரு பெரிய சந்தை. சுந்தராம்பாள் கொழும்பில் பெயர் வாங்கியிருந்த நேரத்தில்தான் செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பாவும் அங்கே வந்து சேர்ந்தார். அவரோடு மேடையேறாதே, அந்தக் குரலுக்கு முன்னால் நிற்க முடியாது என்று சிலர் இவரைப் பயமுறுத்தினார்களாம். இவர் ஏறினார், நின்றும் காட்டினார். 1927இல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார். சண்டையும் பிரிவும் சேர்க்கையுமாக ஓடிய வாழ்க்கை அது. அதை விலாவாரியாகச் சொல்ல நூறு பேர் இருக்கிறார்கள், நான் தாண்டிப் போகிறேன். 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தார். அவருக்கு 28 வயதுகூட நிறையவில்லை. இவருக்கு 25.

நகைகளைக் கழற்றினார், வெள்ளை உடுத்தினார். இது எல்லோருக்கும் தெரியும். கூடவே இன்னொன்றையும் சொன்னார்: இனி எந்த ஆண் நடிகரோடும் ஜோடியாக நடிக்கமாட்டேன். இதைத் துக்கம் என்று மட்டும் படிக்கிறோம். தொழில் கண்ணோடு பாருங்கள். ஸ்திரீபார்ட் நடிகை ஜோடி சேரமாட்டேன் என்றால் கடையைப் பூட்டிவிட்டேன் என்றுதான் அர்த்தம். அதற்குப் பிறகு காண்டிராக்டர் எதற்கு வீட்டு வாசலுக்கு வரப்போகிறார்?

வந்தார்கள். ஏனென்றால் இவர் கடையைப் பூட்டவில்லை. ஸ்திரீபார்ட்டை விட்டுவிட்டு நேராக நந்தனார் ஆகிவிட்டார். ஆண் வேடம், பக்தர் வேடம், நாடகம் முழுக்கப் பாட்டு, காதல் காட்சி என்ற பேச்சே இல்லை. மேடையில் அது ஓடுவதைப் பார்த்துத்தான் அதே நந்தனாரைப் படமாக எடுக்கவேண்டும் என்று அசன்தாஸ் என்ற தயாரிப்பாளர் வந்தார்.

இவர் ஒரு லட்சம் ரூபாய் கேட்டார். வருடம் 1935, தமிழ்ப் படங்கள் பேச ஆரம்பித்து நான்கே வருடம். அதுவரை இங்கே யாரும் கேட்காத தொகை. நடிக்க விருப்பமில்லாமல், ஆள் ஓடிவிடுவார் என்று நினைத்து வாய்க்கு வந்ததைச் சொன்னார், அவர் ஒப்புக்கொண்டுவிட்டார் என்று ஒரு கதை உண்டு. எனக்கென்னவோ அதில் பாதிதான் நம்பிக்கை. குழந்தையிலிருந்தே காண்டிராக்டர்களோடு பேரம் பேசி வளர்ந்தவர், தன் பெயருக்கு எத்தனை டிக்கெட் கிழியும் என்று தெரியாமலா இருந்திருப்பார்? ஒரு பெண் பெரிய சம்பளம் வாங்கினால் அது தவறுதலாக நடந்தது என்று சொல்லிக்கொள்வதில் நமக்கு ஒரு நிம்மதி.

படத்தில் வேதியராக வந்தவர் யார் தெரியுமா? மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். கர்நாடக சங்கீதத்தின் பெரிய தலை. இவர் பண்ணையாள் வேடம், அவர் பண்ணையார் வேடம். இத்தனை இருந்தும் படம் எடுபடவில்லை. ஆனந்த விகடனில் கல்கி அதைக் கிழித்துத் தொங்கவிட்டார். நாடகத்தில் கைதட்டல் வாங்கியதெல்லாம் கேமரா முன்னால் நீளமாகவும் மந்தமாகவும் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து 1940இல் மணிமேகலை. அதற்கு அடுத்தது 1953இல் ஔவையார். இடையில் சும்மா இருக்கவில்லை. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி இவரைக் கட்சி மேடைகளுக்கு அழைத்துவந்தார். பேச்சாளர் வருவதற்கு முன் கூட்டம் சேர்க்கும் பாட்டு இவருடையது. சில ஊர்களில் பேச்சைவிட இந்தப் பாட்டுக்குத்தான் ஜனம் வந்திருக்கும், இது என் ஊகம். 1951இல் சென்னை சட்ட மேலவை உறுப்பினரானார். நடிகர்கள் அரசியலுக்கு வருவதைப் பற்றி இன்று மணிக்கணக்கில் விவாதம் நடக்கிறது, இந்தப் பெயரை அதில் நான் கேட்டதே இல்லை.

இப்போது திரையில் ஒரு பட்டியல் காட்டுகிறேன். நந்தனார், மணிமேகலை, ஔவையார், பூம்புகாரில் கவுந்தியடிகள், காரைக்கால் அம்மையார். சேரியில் பிறந்து சிதம்பரத்துக்கு ஏங்கிய பக்தர், பௌத்தத் துறவி, கிழவிப் புலவர், சமணத் துறவி, பேயுருவை வேண்டி வாங்கிய சிவபக்தை. மதங்கள் வேறு, காலங்கள் வேறு. யாருக்காவது ஜோடி இருக்கிறதா பாருங்கள். அழகும் இளமையும் வேண்டாம் என்று கடவுளிடம் திருப்பிக் கொடுத்தவர்கள் என்றுதான் ஔவையைப் பற்றியும் காரைக்கால் அம்மையாரைப் பற்றியும் கதைகள் சொல்கின்றன. 25 வயதில் தான் போட்ட நிபந்தனைக்குப் பொருந்துகிற வேடங்களைத் தமிழ் மரபுக்குள்ளேயே தேடி எடுத்து, நாற்பது வருடம் ஓட்டியிருக்கிறார். மொத்தமே பத்துப் பன்னிரண்டு படங்கள்தான். அதில் பெரிய வெற்றிகள் எல்லாம் 45 வயதை ஒட்டியும் அதற்கு மேலும் வந்தவை. இந்த ஊர் சினிமாவில் அந்த வயதில் பெண்ணுக்கு என்ன வேடம் கொடுப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா என்ன?

ஜெமினி ஸ்டுடியோ எடுத்த ஔவையாரில் யானைக் கூட்டம் வந்து கோட்டையை இடிக்கும் காட்சியைத்தான் எல்லோரும் சிலாகிப்பார்கள். எனக்கு அந்தப் படம் கொஞ்சம் நீளம். என் ஓட்டு 1964இல் வந்த பூம்புகாருக்கு. வசனம் கலைஞர் கருணாநிதி. இவரோ பழுத்த காங்கிரஸ், பழுத்த முருக பக்தை. தெய்வம் எங்கே போய்விட்டது என்று கேட்கிற மாதிரி ஒரு வரி வந்தபோது பாடமாட்டேன் என்று நின்றுவிட்டார், தெய்வம் இங்கே வந்துவிட்டது என்று மாற்றிக் கொடுத்த பிறகுதான் பாடினார் என்று சொல்வார்கள். பாட்டைக் கேட்டுப்பாருங்கள், அந்த இடத்தில் குரலில் ஒரு பிடிவாதம் இருக்கிறது.

நடிப்பு என்று பார்த்தால், நேர்மையாகச் சொல்கிறேன், அவருடைய உடம்பு கடைசி வரைக்கும் மேடையை விட்டு இறங்கவே இல்லை. நேரே நிற்பார், கையைக் கொஞ்சம் தூக்குவார், அவ்வளவுதான். நடிப்பெல்லாம் உச்சரிப்பில். 1965இல் வந்த திருவிளையாடலில் ஞானப்பழத்தைப் பிழிந்து என்று விருத்தம் எடுக்கும் இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். அந்த ழகரம் இரண்டு தடவை வருகிறது, இரண்டும் முழுசாக விழுகின்றன. மேலே போகும்போது குரல் மெலிவதில்லை, கனக்கிறது. மற்ற பாடகிகள் மைக்கிடம் பாடினார்கள், இவர் மைக்கைத் தாண்டிக் கடைசி வரிசைக்குப் பாடுகிறார். பக்கத்தில் இருக்கும் முருகனுக்கு அவ்வளவு சத்தம் தேவையில்லைதான்! ஆனால் அந்தச் சத்தத்தைக் குறைத்திருந்தால் அந்தக் காட்சியே இல்லை.

1969இல் துணைவன் படத்துக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது. முந்தைய ஆண்டு அதை வாங்கியவர் பி.சுசீலா. ரயில் பெட்டியில் பாடப் பழகியவர், 60 வயதைத் தாண்டி, அடுத்த தலைமுறைப் பாடகிக்குப் பின்னால் வரிசையில் நின்று வாங்கியிருக்கிறார். மறு வருடம் பத்மஸ்ரீ. 1973இல் காரைக்கால் அம்மையார். இளம் புனிதவதியாக லட்சுமி, முதிய அம்மையாராக இவர். குன்னக்குடி வைத்தியநாதன் இசையில் சிவபார்வதி நடனத்துக்கு இவர் பாடும் பாட்டில் தாளம் ஓட ஓட, 65 வயதுக் குரல் ஓர் இடத்தில்கூடப் பின்தங்கவில்லை. 1980இல் காலமானார்.

புதிதாகக் கேட்கப்போகிறவர்களுக்கு என் யோசனை: முதலில் பூம்புகார், பிறகு திருவிளையாடலில் வருகிற அத்தனை பாட்டும், அதற்குப் பிறகு கந்தன் கருணையில் முருகனுக்குப் பதில் சொல்லும் ஔவை. இதெல்லாம் பழகிய பிறகு பழைய இசைத்தட்டுப் பதிவுகளுக்குப் போங்கள். கரகரப்பு அதிகம், ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான் ஓடும், விடிய விடியப் பாடியதை அதற்குள் அடைத்திருப்பார்கள். ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள், ஒலியை மட்டும் முதலிலேயே குறைத்து வையுங்கள். அடுத்த வாரம் டி.பி.ராஜலட்சுமி.