வேலை முடிந்ததென்று உடலுக்கு யார் சொல்வது?

காட்சி: இரவு 9 மணி. மொரிசியசின் எபேன் நகரம். கண்ணாடிக் கட்டடத்திலிருந்து இளைஞர்கள் வெளியே வருகிறார்கள்.

வணக்கம். நவம்பர் முதல் மார்ச் வரை, பாரிசில் மாலை 6 மணி ஆகும்போது இங்கே மொரிசியசில் இரவு 9 மணி ஆகியிருக்கும். பிரான்சிலிருந்து வரும் அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் கால் சென்டர்களில் நம் பிள்ளைகள் பலர் அந்த நேரத்தில்தான் ஹெட்செட்டைக் கழற்றுகிறார்கள். ரோஸ் ஹில்லுக்கோ, தூறல் விடாத க்யூர்பிப்புக்கோ வந்து சேர்ந்து, சோற்றைச் சூடு செய்து தட்டின் முன் உட்காரும்போது மணி பத்தைத் தாண்டிவிடுகிறது. வேலை முடிந்து ஒரு மணி நேரம் ஆயிற்று. ஆனாலும் தோள்கள் தூக்கியபடியே இருக்கின்றன, தாடை இறுகியிருக்கிறது, படுத்தால் கடைசியாகப் பேசிய வாடிக்கையாளரின் கோபக் குரல் காதிலேயே நிற்கிறது. இந்த வீடியோ அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றியது.

காட்சி: சிறுநீரகங்களும், அவற்றின் உச்சியில் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளும்.

சிறுநீரகங்களின் மேல் தொப்பி வைத்ததுபோல் இரண்டு சிறிய சுரப்பிகள் இருக்கின்றன. இவை இல்லாமல் உயிர் தரிக்காது என்பதை 1856இல் விலங்குகளில் சோதித்துக் காட்டியவர், 1817இல் நம் போர்ட் லூயியில் பிறந்த பிரௌன் செக்கார் என்ற மருத்துவ அறிஞர். அவர் பெயரை இங்கே அறியாதவர் குறைவு. எதனால் அறிந்திருக்கிறோம் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

நெருக்கடி என்று மூளை உணர்ந்ததும், இந்தச் சுரப்பிகளிலிருந்து நொடிகளில் அட்ரீனலின் பாய்கிறது. இதயம் விரைகிறது, தசைகள் முறுக்கேறுகின்றன. அதைத் தொடர்ந்து வரும் கார்டிசால் என்ற ஹார்மோன் சற்று நிதானமானது: அழுத்தம் தொடங்கி ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டு, இறங்குவதற்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்கிறது. ஆகவே 9 மணிக்கு நாற்காலியை விட்டு எழுந்தவர் 10 மணிக்கும் பதற்றமாக இருப்பது அவருடைய மனம் பலவீனமானது என்பதால் அல்ல. பேருந்தில் அதே அழைப்பை மனத்துக்குள் மீண்டும் ஓட்டிப் பார்க்கும்போதும், அலைபேசியில் மேலாளரின் செய்தியைத் திறக்கும்போதும், இறங்க வேண்டியது மறுபடி ஏறுகிறது. வேலையின் அளவைவிட, வேலை முடிந்த செய்தி உடலுக்குப் போய்ச் சேராததே நம்மை அதிகம் வாட்டுகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

அந்தச் செய்தியைச் சொல்ல நம் கையிலேயே இருக்கும் வழி மூச்சு. கூடவே செய்யுங்கள்.

காட்சி: ஒரு கையின் இரு விரல்கள் மறு கையின் மணிக்கட்டில் நாடியைத் தொடுகின்றன.

நாடியில் விரல் வையுங்கள். மூக்கு வழியாக மூச்சை இழுங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. இப்போது விடுங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. மூச்சை விடும்போது விரலடியில் துடிப்புகளின் இடைவெளி சற்றே கூடுவதைச் சிலர் முதல் முறையிலேயே உணர்ந்துவிடுவார்கள். மூச்சு வெளியேறும்போது வேகஸ் என்ற நீண்ட நரம்பு இதயத்தைத் தணிக்கிறது. இழுப்பதைவிட விடுவதை நீட்டச் சொல்வது அதற்காகத்தான். வழக்கமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். இந்தக் கணக்கில் அது ஆறாகக் குறைகிறது. ஐந்து நிமிடம் போதும். தலை சுற்றினால் நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள்.

அடுத்தது ஒரு நோட்டுப் புத்தகம். 2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் இளைஞர்கள் 57 பேரை ஆய்வுக்கூடத்தில் உறங்க வைத்தார்கள். படுக்குமுன் ஐந்து நிமிடம், ஒரு பிரிவினர் இனிச் செய்ய வேண்டிய வேலைகளை எழுதினார்கள், மற்றவர்கள் செய்து முடித்தவற்றை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்களே சீக்கிரம் தூங்கினார்கள். முடிக்காத வேலையை மறந்துவிடக் கூடாதென்று மனம் விடாமல் காவல் காக்கிறது. தாளில் இறக்கி வைத்தால் காவலுக்கு அவசியம் இல்லை. ‘நாளை வேலை இருக்கிறது’ என்று பொதுவாக எழுதாமல், ‘காலை 8 மணிக்கு மகளின் டியூஷன் கட்டணம்’ என்று துல்லியமாக எழுதுங்கள். அந்த ஆய்விலும் விரிவாகப் பட்டியலிட்டவர்களுக்கே பலன் கூடுதலாக இருந்தது.

நம் வனிலாத் தேநீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதை விடச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை, அவசியமும் இல்லை. ஆனால் தேநீரில் தூக்கத்தை விரட்டும் காஃபீன் இருக்கிறது. குடித்த காஃபீனில் பாதி கழியவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக் கோப்பையின் பாதி, இரவு 11 மணிக்கும் உடலில் வேலை செய்துகொண்டிருக்கும். மாலைக் கோப்பையைப் பிற்பகலுக்கு நகர்த்திப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பிளிக் அன் பிளாக் கடற்கரைக்குப் போய் வருகிறோமே, அது போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போங்கள், அவசியம் போங்கள். இருந்தாலும் ஆறு நாள் தாகத்தை ஏழாம் நாள் தண்ணீர் குடித்துத் தீர்த்துக்கொள்ள முடியாது அல்லவா? அன்றன்றைக்கு ஏறியது அன்றன்றைக்கே இறங்க வேண்டும். ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கி வீடு வரை நடப்பதுகூட அதற்கு உதவும்.

காட்சி: பகல் வெளிச்சம். போ பாசன்.

பிரௌன் செக்கார் பெயரை நாம் அறிந்திருப்பது போ பாசனில் அவர் பெயரில் உள்ள மனநல மருத்துவமனையால். வீடுகளில் அந்தப் பெயரைத் தாழ்ந்த குரலில்தான் சொல்கிறோம். அது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. அன்றாட அழுத்தமும் மனச்சோர்வு நோயும் ஒன்றல்ல. தூக்கமின்மையோ, எதிலும் ஆர்வமின்மையோ இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மூச்சுப் பயிற்சியை மட்டும் நம்பியிராமல் மருத்துவரைப் பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திராமல் உடனே செல்லுங்கள். அரசு மருத்துவமனைகளில் கட்டணம் கிடையாது. போகும்போது அந்த நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள். எந்த நாளிலிருந்து தூக்கம் கெட்டது, எப்போதிலிருந்து பசி குறைந்தது என்று குறித்து வைத்திருந்தால், மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளுக்கு அதிலேயே பதில் இருக்கும்.